முதலில் வாய் திறப்பவர்

மகளின் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வார்த்தைக்கு அவர் கடைசியாகச் சொன்ன விலை ஒரு ஸ்கூட்டர். கைக்கடிகாரத்தில் தொடங்கி, சுற்றுலா வழியாக ஸ்கூட்டருக்கு ஏறியிருந்தார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பதினாறு வயதுக்காரி திரும்பவேயில்லை.

கடைத்தெருவில் அவரைத் திரைக்காரர் என்பார்கள். ஜன்னல் திரைத்துணி வியாபாரம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது ஊருக்குப் பழமொழி, அவருக்கு முதலீடு. ஆனால் அந்த வாயை எப்போது மூடவேண்டும் என்பதில்தான் லாபமே இருந்தது. கடைசி விலையைச் சொன்னதும் துணியை மடிக்க ஆரம்பித்துவிடுவார். அதற்குமேல் யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவருக்கு நஷ்டம். எதிரில் நிற்பவர் உதட்டைக் கடிப்பார், கூட வந்தவர் முகத்தைப் பார்ப்பார், வாசல்வரை போவார். திரைக்காரர் மடித்துக்கொண்டே இருப்பார். படியில் வைத்த கால் திரும்பி வரும்.

ஆகவே ஸ்கூட்டருக்குப் பிறகு வீட்டிலும் வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். இது அடம் இல்லை, மனச்சோர்வு நோய். மாத்திரை வேலைசெய்யக் கொஞ்ச காலம் பிடிக்கும். அதுவரை பக்கத்தில் இருங்கள், பேசிக்கொண்டிருங்கள். திரைக்காரர், மொத்த வியாபாரி பேச்சைக் கேட்பதுபோலப் பாதியைத் தள்ளிவிட்டுத் தலையாட்டினார்.

"என்னங்க, ரூம் வாசல்ல நின்னுட்டுப் பேசாம வர்றீங்க?" என்றாள் மனைவி.

"இப்ப நான் வாயத் தொறந்தா எறங்கிட்டேன்னு அர்த்தம். பொறு, அவளே பேசுவா."

"அவ உங்க பொண்ணு. கஸ்டமர் இல்ல."

"உனக்கு வியாபாரம் தெரியாது."

"தெரியாததாலதான் நான் அவகிட்ட பேசிட்டிருக்கேன்."

மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டோடு அவர் அறைக்குள் போனார். காலையில் வைத்தது தொடாமல் காய்ந்து கிடந்தது. ஒரே இருட்டு. அந்த ஜன்னல் திரை அவர் கடைச் சரக்குதான். "இதப் போட்டீங்கன்னா உச்சி வெயில்லயும் மணி பாத்துதான் பகல்னு தெரிஞ்சுக்கணும்" என்று அந்தத் துணியை விரிப்பார். வாங்குபவர்கள் சிரிப்பார்கள். சொன்ன சொல் தவறாத துணி.

பழைய தட்டை எடுத்து, புதியதைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்பா."

ஜெயித்துவிட்டார். நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது, பழக்கதோஷம்.

"எம்மேல கோவமா?"

"யாரு சொன்னா?"

"நீங்க பேசறதே இல்ல. சரி, அப்பாவும் விட்டுட்டாருபோலன்னு..." நாள்பட்டுப் பூட்டிக்கிடந்த ஷட்டர்போலக் குரல் கொஞ்சம் ஏறி, பாதியில் நின்றுகொண்டது.

கையில் பழைய தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இல்லடாம்மா. நான் அந்த வண்டிக்கு நீ..." முடிக்க வெட்கமாக இருந்தது.

"வேணாம்னு சொல்லலப்பா. வேணும்னே தோணல. வண்டி, சாப்பாடு, எதுவுமே. தோணட்டும்னுதான் நானும் படுத்துக் கெடக்கேன்."

வேண்டாம் என்ற எத்தனையோ பேரை அவர் மடக்கியிருக்கிறார். வேண்டாமுக்குள் எங்கேயோ ஒரு வேணும் ஒளிந்திருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் போதும். இங்கே இழுக்க ஒரு நூல்கூட இல்லை.

"தெரைய வெலக்கட்டுமா?"

"வேணாம்ப்பா. கண்ணு கூசும்."

"ஒரு முழம்?"

உட்கார்ந்தபடியே நகர்ந்து திரையின் ஓரத்தைப் பிடித்தார்.

"ஒரு சாண்? சரி, ஒரு விரற்கடை. அதுக்குக் கீழ அளக்க எங்கிட்ட கோல் இல்லம்மா."

அவள் சிரிக்கவில்லை. வந்தது 'ம்'மா, மூச்சா தெரியவில்லை. கடையாக இருந்தால் பில் போட்டிருப்பார். இப்போது மறுபடி கேட்டார்.

"ம்."

விலக்கினார். ஒல்லியான வெயில் தரையில் இறங்கி, சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைத் தொட்டு, கட்டிலை எட்டாமல் நின்றது. அவள் சுவர்ப்பக்கமே கிடந்தாள். அவர் எழவில்லை. காலையில் ஒரு மாமியாரும் மருமகளும் திரையின் நிறத்துக்காக அடித்துக்கொண்டு, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து அவரைத் திட்டிவிட்டுப் போன கதையை அந்த முதுகிடம் சொல்ல ஆரம்பித்தார்.

வரவு, ஒரு விரற்கடை வெளிச்சம். மீதி ஜன்னல் முழுக்கப் பாக்கி.