கிளைதான் என்று சொன்னான்

மூன்றாவது முறையாக ஆர்வோ லெஹ்தோ சாப்பாட்டுப் பையைக் கீழே இறக்கினான். கரடிக்கு எட்டாத உயரத்தில் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே கயிறு கட்டிப் பையை ஏற்றித் தொங்கவிடுவது இருபது வருடமாக அவன் பொறுப்பு. ஒரே தடவையில் முடித்துவிட்டு வந்து காபிக்குக் கை நீட்டுகிறவன். இன்றைக்கு முடிச்சு சரியில்லை என்றான். அப்புறம் உயரம் போதவில்லை என்றான். இப்போது காரணம்கூடச் சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு தடவை ஏத்தி இறக்கினா, அந்தக் கரடியே வந்து 'எனக்குப் பசியே இல்லப்பா, நீ போய் உக்காரு'ன்னு சொல்லிடும்," என்றாள் அவன் மனைவி மார்லிஸ். அடுப்புக் கற்களுக்கு அருகே, கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து அவள் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"காத்து மாறுது," என்றான் ஆர்வோ.

"காத்து எங்கே மாறுது? நீதான் சுத்திச் சுத்தி வர்றே."

அவன் கோடரியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போனான். ஒரு வாரத்துக்குப் போதுமான விறகு ஏற்கெனவே குவிந்து கிடந்தது.

ஹாட்செட் ஏரியின் வடகரையில் அந்த ஒரே ஒரு இடத்தில்தான் கூடாரம் போடச் சமதரை உண்டு. அரசாங்கக் காடு. முதலில் வருகிறவர்களுக்கு இடம் சொந்தம், பதினான்கு நாளைக்கு. குழாய் கிடையாது, மேசை கிடையாது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்கு இருநூறடி தள்ளிப் போனால் அதுதான் கழிப்பறை. வண்டியைத் தென்கரையில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் படகில் ஏற்றி இரண்டு பேரும் துடுப்புப் போட்டு வரவேண்டும். கைப்பேசியில் ஒரு கோடுகூடத் தெரியாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் இதற்காகவே வந்தார்கள். இந்தத் தடவைதான், கைப்பேசி வேலை செய்தால் தேவலை என்று ஆர்வோ நினைத்தான். அடுத்த நிமிடமே, வேலை செய்யாததே நல்லது என்றும் நினைத்தான்.

புதன்கிழமை கண் டாக்டரிடம் போயிருந்தான். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழ் வாங்கவேண்டும். போன தடவை பத்து நிமிட வேலை. இந்தத் தடவை டாக்டர் அவன் தலையை ஒரு கருவிக்குள் வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். அவன் அமுக்கினான். அமுக்கவேண்டிய பல இடங்களில் சும்மா இருந்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். வலப்பக்கம் ஓரத்தில் வருவது எதுவும் தெரியாது, நேரே பார்ப்பது மட்டும் தெளிவாக இருக்கும், அதனால்தான் இத்தனை நாள் புலப்படவில்லை என்றும் சொன்னார். "லாரி மட்டும் இல்ல, மிஸ்டர் லெஹ்தோ. காரும் ஓட்டாதீங்க. வீட்டுக்குப் போகவே யாரையாவது வரச் சொல்லுங்க."

அவன் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வண்டியை எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். "என்ன சொன்னாங்க?" என்று மார்லிஸ் கேட்டபோது, "பாஸ்," என்றான்.

சனிக்கிழமை புறப்பட்டார்கள். மருத்துவமனைச் சமையலறையில் இரவு வேலை முடித்து வந்தவள், வண்டியில் ஏறியதும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிவிட்டாள். தார்ச்சாலை முடிந்து காட்டுப்பாதை தொடங்கிய பின், பாம்பு போல வளைந்து போகும் அந்தச் சரளைச் சாலையில், ஒரு பழைய நீல நிறக் கார் ஓரமாக நின்றிருந்ததை அவன் பார்த்தான். அதற்கு அடுத்த வளைவில்தான் அந்தச் சத்தம். வலப்பக்கம், டொக்கென்று ஒன்று. மார்லிஸ் திடுக்கிட்டு எழுந்தாள்.

"என்ன அது?"

"கிளை. கிளைதான். தூங்கு."

பின்னால் பார்த்தான். புழுதிதான் தெரிந்தது. புழுதிக்குள் மஞ்சளாக ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கால் பிரேக்குக்குப் போகவில்லை.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திப் படகை இறக்கும்போதுதான் வலப்பக்கக் கண்ணாடி உள்பக்கம் மடங்கியிருந்ததைக் கவனித்தான். அதன்மேல் கருநீலமாக ஒரு கறை. விரலால் தொட்டு முகர்ந்தான். புளிப்பு வாசனை. ப்ளூபெர்ரிச் சாறு. அப்பாடா என்று சட்டைக் கையால் துடைத்தான். ரத்தம் இல்லை, பழச்சாறு, அவ்வளவுதான்.

ஏரியின் நடுவில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த நிம்மதி போய்விட்டது. ப்ளூபெர்ரிச் செடி முழங்கால் உயரம்கூட வளராது. வண்டியின் கண்ணாடி அவன் நெஞ்சு உயரம். அந்தப் பழம் அந்த உயரத்துக்கு வந்தது என்றால் யாரோ கையில் வைத்திருந்தார்கள்.

அதிலிருந்து அவனால் உட்கார முடியவில்லை. மீனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். கூடாரத்தின் முளைகளை எல்லாம் பிடுங்கித் திரும்ப அடித்தான். படுத்தும் தூக்கமில்லை, விடிவதற்கு முன்பே கரைக்குப் போய் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காபி கொதித்ததும் சொன்னான். "தண்ணி வடிகட்டியை வண்டியிலயே விட்டுட்டேன் போல. நான் போய் எடுத்துட்டு வந்துடறேன். நீ இரு."

மார்லிஸ் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த வடிகட்டியைக் காட்டினாள். "அது என்ன, அதோட தங்கச்சியா?"

அவன் கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஆர்வோ, நேத்து சாயந்தரத்துலேர்ந்து பாக்குறேன். உனக்கு நெஞ்சு வலிக்குதா? நிஜத்தைச் சொல்லு."

"நெஞ்சு இல்ல."

"அப்ப நானும் வர்றேன். என்ன இருந்தாலும் வர்றேன்."

படகின் முன்பலகையில் மார்லிஸ், பின்பலகையில் அவன். எப்போதும் அப்படித்தான். மேற்கிலிருந்து காற்று எழும்பி, சின்னச் சின்ன அலைகள் படகின் பக்கத்தில் மோதின. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும், தொப்பிக்குக் கீழே நரைத்த சடையும், துடுப்பைப் போடும்போது ஏறி இறங்கும் தோளும்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டான். முதுகிடம் சொன்னான். கண் டாக்டர், கருவி, நீலக் கார், சத்தம், கறை, பழம், எல்லாவற்றையும் வரிசை இல்லாமல் கொட்டினான்.

அவள் துடுப்பு தண்ணீருக்கு மேலே அப்படியே நின்றது. படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பியது. ஓர் அலை உள்ளே தெறித்தது.

"கிளைன்னு சொன்னே," என்றாள், திரும்பாமல்.

"ஆமா."

"நான் கேட்டேன். எழுந்து உக்காந்து கேட்டேன். நீ கிளைன்னு சொன்னே."

"தெரியலடி எனக்கு. அப்ப நிஜமா..."

"துடுப்பைப் போடு."

"மார்லிஸ்..."

"போடுன்னா போடு! யாரோ ஒருத்தர் ராத்திரி பூரா அங்க கிடந்திருந்தா?"

தென்கரை தட்டியதும் அவள் கையை நீட்டினாள். அவன் சாவியைக் கொடுத்தான்.

அவளுக்கு அந்த வண்டியின் கியர் பழக்கமில்லை. இரண்டு தடவை இஞ்சின் நின்றுபோனது. நான்கு மைல் தள்ளி அந்த வளைவு வந்தது. நீலக் கார் நின்ற இடத்திலேயே நின்றது. வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினான். சாலையோரத்தில் பழங்கள் நசுங்கிக் கிடந்தன. எறும்பு மொய்த்திருந்தது. நெளிந்த தகர வாளி ஒன்று பள்ளத்தில். "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினான். புதருக்குள் இறங்கி, முள் கிழிக்கக் கிழிக்கத் தேடினான். மார்லிஸ் எதிர்ப்பக்கம் தேடினாள். யாரும் இல்லை. ரத்தமும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு ஏறினார்கள்.

அங்கிருந்து பதினோரு மைலில், இரண்டு சாலை கூடும் இடத்தில், தூண்டில் புழுவும் ரொட்டியும் பெட்ரோலும் விற்கும் ஒரே கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்த பருத்த மனிதருக்கு டெல்மர் என்று பெயர். மார்லிஸ்தான் கேட்டாள், அந்த நீலக் கார் யாருடையது என்று.

"எர்னா புஷேவோடது. இங்கதான், கடைக்குப் பின்னாடி இருக்கா. நேத்து எவனோ பாவி இடிச்சுட்டு நிக்காம போயிட்டான். மணிக்கட்டு போச்சு. அந்தக் காரை ஒத்தைக் கையால ஓட்ட முடியாதா, ரெண்டு மைல் நடந்திருக்கா. அப்புறம் மீன் பிடிக்க வந்த பசங்க வழியில பாத்து ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி போனாங்க. மேலே சிவப்புப் படகு கட்டின வண்டியாம். போலீஸ்காரர் ஹல்வர்சன் ஒவ்வொரு ஏரிக்கும் போய்ப் பாத்துக்கிட்டு இருக்கார்." அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வண்டியின் மேல் எதுவும் இல்லை. சிவப்புப் படகு ஏரிக்கரையில் கிடந்தது. "நீங்க அந்தப் பக்கம் எதுவும் பாத்தீங்களா?"

மார்லிஸ் ரொட்டி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லமாட்டாள், அதைத் தன்னிடமே விட்டிருக்கிறாள் என்பது ஆர்வோவுக்குப் புரிந்தது. வெளியே போகும் கதவு நான்கே எட்டில் இருந்தது.

"அந்தப் பாவி நான்தான்," என்றான். "போலீஸைக் கூப்பிடுங்க. நான் அந்தம்மாவைப் பாக்கணும்."

எர்னா புஷே அறுபது தாண்டிய, ஒல்லியான, காய்ந்த பெண்மணி. கடைக்குப் பின்னால் நின்ற சக்கர வீட்டின் வாசற்படியில் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். டெல்மர் முன்னால் போய்ச் சொன்னதும் அவள் எழவில்லை. ஆர்வோவை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு ராத்திரி பூரா யோசிச்சேன். சின்னப் பையனா இருப்பான், குடிச்சிருப்பான்னு நினைச்சேன். நீ என்னடான்னா சர்ச்சுல உண்டியல் பிடிக்கிறவன் மாதிரி இருக்கே."

"மன்னிச்சிடுங்க. நான் உங்களைப் பாக்கல. எனக்கு வலப்பக்கம் பார்வை போயிடுச்சு. டாக்டர் ஓட்டாதேன்னு சொல்லியும் ஓட்டினேன்."

"மஞ்சச் சட்டை போட்டிருந்தேன்யா நான்! மான் வேட்டைக்காரன் சுடக்கூடாதுன்னு போடுற மஞ்சள்! அது தெரியலியா?"

"தெரியல."

"சரி. சத்தம் கேட்டுதா?"

"கேட்டுது. கிளைன்னு நினைச்சேன். அப்புறம் சாயந்தரமே சந்தேகம் வந்துடுச்சு. ஆள்தான்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் கிளம்பி வரல."

"ஏன்?"

"பயம்."

எர்னா கட்டுப் போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்தாள். "கண்ணு தெரியாததுக்கு உன்னைத் திட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. எங்கப்பனுக்கும் போச்சு. ஆனா அந்தச் சாயந்தரம் இருக்கு பாரு, நான் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நின்னு நின்னு நடந்த சாயந்தரம், அதை நான் மன்னிக்க மாட்டேன். கேக்காதே."

"கேக்கல," என்றான்.

ஹல்வர்சன் வந்தார். இளைஞர், எழுதும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டார். உரிமத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். செப்டம்பரில் நீதிமன்றம் என்றார். தானாக வந்து சொன்னதைக் குறித்துக்கொள்வதாகவும், அதனால் பெரிதாக எதுவும் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார்.

கிளம்பும்போது எர்னா கூப்பிட்டாள். "ஏ உண்டியல்காரா. பழம் இன்னும் பத்து நாளைக்குத்தான். இந்தக் கடைக்கு நான்தான் பழம் வச்ச 'பை' பலகாரம் சுட்டுக் கொடுக்கிறவ. குளிர்காலம் பூரா அதுலதான் ஓட்டணும். எனக்கு ஒரு கை இல்ல. உனக்கு ரெண்டு இருக்கில்ல?"

"இருக்கு."

"நேரா முன்னாடி இருக்கிறது தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப நாளைக்குக் காலைல வாளியோட போ. இலையும் பூச்சியும் இல்லாம வரணும்."

ஆறு நாள் பறித்தார்கள். விடிந்ததும் ஏரியைக் கடந்து, மார்லிஸ் வண்டியோட்ட, அந்த வளைவுக்கு மேலே இருந்த பாறைச்சரிவுக்குப் போவார்கள். அவன் குனிந்தவன் நிமிரமாட்டான். கொசு காதுக்குள் புகுந்தாலும் தட்டமாட்டான். பகலில் கை ஓடிக்கொண்டிருக்கும்வரை மனசு அடங்கியிருக்கும். மாலையில் கூடாரத்துக்குத் திரும்பி உட்கார்ந்தால் கால் தானாக ஆடத் தொடங்கும். மார்லிஸ் வேண்டிய வார்த்தை மட்டும் பேசினாள். உப்பு, கயிறு, விளக்கு, வாளி. மூன்றாம் நாள் வாளிகளைக் கொண்டுபோய் வைத்தபோது எர்னா ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "பாதி காய்," என்றாள். ஆறாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. காபியும் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடாரத்தைச் சுருட்டினார்கள். அடுப்பில் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி, சாம்பலுக்குள் கைவிட்டுச் சூடில்லை என்று பார்த்தார்கள். குப்பையை மூட்டை கட்டினார்கள். சாலையில் ஏறிச் சிறிது தூரம் போனதும் மார்லிஸ் பேசினாள்.

"செவ்வாக்கிழமை மறுபடி கண் டாக்டர்கிட்ட போறப்போ நானும் உள்ள வருவேன். வெளியில பெஞ்சுல உக்கார மாட்டேன்."

"சரி."

"சரின்னு சொல்றது உனக்குச் சுலபம். பாஸ்னு சொன்னதும் சுலபமாத்தானே இருந்துச்சு."

மரங்கள் போய்க்கொண்டிருந்தன. அவன் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான், நிறுத்தினான், திரும்பத் தட்டினான்.

"மார்லிஸ்."

"ம்."

"இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்குன்னு சொன்னார். அதை நான் உன்கிட்ட சொல்லல."

அவள் வேகத்தைக் குறைத்தாள். வண்டியைச் சாலையோரம், புல்லின் மேல் ஏற்றி நிறுத்தினாள். கை இன்னும் கியரின் மேலேயே இருந்தது. இஞ்சினை அணைத்துவிட்டு, உடம்பு முழுவதும் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"வேற என்னென்ன இருக்கு?" என்றாள். "ஒண்ணு விடாம சொல்லு. சொல்லி முடிக்கிற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டேன்."

புதன்கிழமை டாக்டரின் அறைக்குள் நுழைந்த இடத்திலிருந்து ஆர்வோ தொடங்கினான்.