நனையாத சான்றிதழ்

குடிநீர் வாரியத்தில் வேலைக்கு வருகிறவர்களின் பட்டச் சான்றிதழைத் தண்ணீரில் போட்டுத்தான் சரிபார்த்தார்கள். பி.ஏ. மிதக்கும், பி.எஸ்ஸி. அடியில் போய்ப் படுக்கும், பி.காம். நடுவில் செங்குத்தாக நிற்கும். போலி என்றால் மை கரைந்துவிடும். நல்ல தாள் நனைந்தாலும் எடுத்து உதறினால் காய்ந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்துவந்த சரிபார்ப்பு எழுத்தர், பெற்ற தாயிடமே அத்தாட்சி கேட்கிற ஆள். அவர் மனைவியின் தங்கை பரிசோதனைக்கூட வேலைக்கு விண்ணப்பித்தபோது, அவள் தாள் தண்ணீரைத் தொடவே இல்லை. ஒரு விரற்கடை மேலே அந்தரத்தில் நின்றது. அவர் மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார். தாள் இறங்கவில்லை.

“எத்தனை வருஷப் படிப்பும்மா இது?”

“நாலு வருஷம், அத்தான். வேதியியலும் வரலாறும் சேர்த்து. கடைசி வருஷம் ஆராய்ச்சி.”

“மூணு வருஷத்துல முடியறதை எதுக்கு நாலா இழுத்தே? தண்ணி சோதிக்க வரலாறு எதுக்கு?”

சொந்தக்காரன்தானே என்று தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறாளோ என்று அவருக்கு உறுத்தியது. பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டார். பதில் வர எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை அவளைத் தற்காலிகமாகப் புகார் எழுதும் மேசையில் உட்காரவைத்தார்கள். வீட்டில் மனைவி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்த மேசைக்குத்தான் ஒரே தெருவிலிருந்து பதினேழு புகார் வந்தது: தண்ணீர் கசக்கிறது, பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். பரிசோதனைக்கூடத்தார் வழக்கமான சோதனைகளைச் செய்து சுத்தம் என்றார்கள். அவள் ஆவண அறையில் இரண்டு நாள் தும்மியபடி கிடந்து, எண்பது வருஷத்துக்கு முந்தைய வரைபடம் ஒன்றை உருவினாள். அந்தத் தெரு இருந்த இடத்தில் அப்போது தோல் பதனிடும் தொட்டிகள் இருந்திருக்கின்றன. அதற்குரிய ரசாயனத்தைத் தேடச் சொன்னாள், இருந்தது. மண்ணிலிருந்து அது கசிந்து புகுந்த, விரிசல் விட்ட குழாயை அன்றைக்கே அடைத்தார்கள். பிள்ளைகள் தேறினார்கள். எழுத்தர் மட்டும் அந்த வரைபடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அவளே வரைந்ததாக இருக்குமோ என்று.

பதில் வந்தது: நான்கு வருஷ ஆனர்ஸ் பட்டம், சரியானதே. அந்தக் கடிதத்தையும் தண்ணீரில் போட்டுப் பார்த்த பிறகே அவள் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்.

“உன் தங்கச்சி படிப்பு நிஜந்தான்,” என்றார் வீட்டில்.

“இதைச் சொல்ல எட்டு மாசமா?” என்றாள் மனைவி. அவர் காதில் அது தேனாக விழுந்தது.

மறு வருஷம் அப்படிப் பதினொரு தாள்கள் வந்தன. அவர் பதிவேட்டில் நாலாவதாக ஒரு கட்டம் கோடிட்டு, ‘நனையாதவை’ என்று எழுதினார். இப்போதும் ஒவ்வொரு தடவையும் தாளுக்கு மேலேயும் கீழேயும் கையை விட்டுத் துழாவுவார், நூல் கட்டியிருக்கிறதா என்று. நூல் இருக்காது. அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.