திருவூடல் தெருவில் வருகைப் பதிவு

1

“கேசட்டு அவ்ளோதாம்மா. முடிஞ்சிடுச்சி.”

“அதுக்கப்புறம் என்ன ஆச்சு?”

“அதான் சொல்றேனே, முடிஞ்சிடுச்சின்னு.”

“டீச்சர் என்ன பதில் சொன்னாங்கன்னு கேக்கறேன். நீங்க அங்கதானே இருந்தீங்க?”

“இருந்தேன். கதை எழுதறது நீயா, நானா? நீயே சொல்லு.”

சென்ற மாதம் வேங்கிக்காலில் வெள்ளையம்மாள் வீட்டில் நடந்த பேச்சு இது. இந்தக் கதைக்கு வேறு பிறப்பிடம் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெள்ளையம்மாள் அந்த ஊர்ப் பால்வாடியில் ஆயா. (ஆயா என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது வேலையின் பெயர். அவருக்கு நாற்பது வயதுதான்; இந்தக் கதை நடந்தபோது இருபத்தைந்து. கஞ்சி கிண்டுகிற கையால் என் முதுகில் தட்டினால் எனக்கு இருமல் வருகிறது.) பால்வாடியின் பழைய டேப் ரிக்கார்டரைக் கழித்துக் கட்டியபோது, உள்ளே இருந்த கேசட்டை மட்டும் அவர் எடுத்து வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் ஓடும். ஒரு பெண்குரல் குழந்தைகளின் பெயர்களைக் கூப்பிடுகிறது. கடைசியில் ஓர் ஆண்குரல் ஒன்றைக் கேட்கிறது. நாடா தீர்ந்துவிடுகிறது.

இதுவரை பதினேழு குடும்ப நாவல்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் முகூர்த்தம் தவறியதில்லை. அப்படிப்பட்டவளிடம் இப்படி ஒரு கேசட் வந்து சேரலாமா?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

*மார்கழிப் பனி மலையைப் போர்த்தியிருந்த காலையில், மல்லிகைச் சரம் தோளில் புரள, ஆதிலட்சுமி பால்வாடியை நோக்கி*

வெள்ளையம்மாளிடம் படித்துக் காட்டினேன். “மார்கழில ஏதும்மா மல்லி? அதுவும் டீச்சரு பூ வெச்சிக்கினு வந்தா அரை மணியில புள்ளைங்க பிச்சிப் போட்டுடும்” என்றார். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

*குழந்தைக் கல்வியில் கருவிகளின் பங்கு யாது என்று சிந்திக்கப் புகுந்தால்*

இதை நானே அடித்தேன். சிந்திக்கப் புகுந்தால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

மூன்றாவது நிற்கிறது. 1981, ஜூன் மாதம். வேங்கிக்கால் பால்வாடிக்கு முன் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய அதிகாரி இரண்டு செங்கல்லை ஒட்டினாற்போன்ற ஒரு கறுப்புப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். ‘கல்வித் தொழில்நுட்பக் கருவி, ஒன்று’ என்று எழுதிய தாளில் பால்வாடி டீச்சர் ஆதிலட்சுமி கையெழுத்துப் போட்டாள்.

“இனிமே நீங்க தொண்டை வத்தக் கத்த வேணாம்மா. இதுவே பாடும், இதுவே கதை சொல்லும். நீங்க பட்டனை அமுக்கினா போதும்.”

ஆதிலட்சுமிக்கு நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அவளுக்குக் கட்டைக் குரல். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைவிக்கிற வீட்டில் பிறந்து, ஏரிக்கரையில் நிற்கிற அப்பாவைக் களத்திலிருந்தே கூப்பிட்டுப் பழகிய குரல். பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் அவளைப் பாடச் சொன்னது. இரண்டாவது வரியிலேயே மாப்பிள்ளையின் அத்தை, “போதும்மா, பஜ்ஜி ஆறுது” என்று தட்டை நகர்த்தினாள். அன்றைக்கு நிறுத்தியதுதான். இருபத்தேழு வயதில், பால்வாடியில்கூடப் பாட்டுகளை ஒப்பிக்கிற மாதிரிதான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

3

பெட்டிக்குள் இருந்தது ஒரு பட்டணத்துப் பெண்ணின் குரல். தேனும் பாலும் என்று எழுதக் கை வருகிறது. வேண்டாம், இனிமையான குரல் என்று விட்டுவிடுகிறேன். யானைப் பாட்டு, ரயில் பாட்டு, பல் தேய்க்கும் பாட்டு. இருபத்திரண்டு குழந்தைகளும் மூக்கில் வழிவதைத் துடைக்கவும் மறந்து கேட்டார்கள்.

ஒரே வாரம். பெட்டி ‘டீச்சர்’ ஆயிற்று. ஆதிலட்சுமி ‘அக்கா’ ஆனாள்.

“அக்கா, டீச்சர ஆன் பண்ணுக்கா!”

“நான் யாருடா அப்போ?” என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

மூன்றரை வயதுத் தருமன் யோசித்துச் சொன்னான்: “நீ டீச்சரத் தூக்கிக்கினு வர்ற அக்கா.”

வெள்ளையம்மாள் கஞ்சிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆதிலட்சுமியும் சிரித்தாள். மத்தியானம் குழந்தைகளைப் பாயில் படுக்க வைத்தபோது சிரிப்பு போய்விட்டது. தட்டிக்கொடுக்கிற கையை ஒரு குழந்தை விலக்கி, “டீச்சரு பாடினாத்தான் தூங்குவேன்” என்றது.

பெட்டியிடம் ஒரே ஒரு குறைதான் அவர்களுக்கு. யானைப் பாட்டின் நடுவே தருமன் எழுந்து, “டீச்சர், யானைக்கு ஜட்டி உண்டா?” என்று கேட்டான். பெட்டி பாடிக்கொண்டே போயிற்று. இன்னும் உரக்கக் கேட்டான். அது ரயில் பாட்டுக்குப் போய்விட்டது. தருமன் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: “டீச்சருக்குக் காது கேக்காதுடா. பாவம்.”

ஆகஸ்டில் பேட்டரி இறங்கியது. இனிமையான குரல் இழுத்து இழுத்து, எருமை கத்துவதுபோல் ஆனது. குழந்தைகள் பயந்துபோனார்கள். டீச்சருக்கு ஜுரம் என்று முடிவாயிற்று. ஜுரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பது இந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். இருசப்பனின் அப்பா பெரிய கோயில் வாசலில் பூ விற்கிறவர். மறுநாள் இருசப்பன் கால்சட்டைப் பை நிறைய விபூதி கொண்டுவந்து, கேசட் போடுகிற கதவைத் திறந்து, உள்ளே கொட்டிப் பூசிவிட்டான்.

4

ஆதிலட்சுமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன ரிப்பேர் கடை திருவூடல் தெருவில் இருந்தது.*

(* சுவாமியும் அம்மனும் ஊடல் கொள்வதற்கென்றே ஒரு தெருவை ஒதுக்கிவைத்த ஊர் நம்முடையது. காதல் கதைக்காக நான் கடையை அங்கே நகர்த்தவில்லை. கடை அங்கேதான் இருந்தது. நான் என்ன செய்ய?)

கடைக்காரர் சக்கரவர்த்தி. சுருள்முடி, ஆழமான கண்கள் என்று எழுதி வைத்திருந்தேன். வெள்ளையம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. “யாரு, சக்கரவர்த்தியா? மொதல்ல மூக்கு கடைக்கு வரும். அப்புறமாத்தான் அவரு வருவாரு.” சரி. பெரிய மூக்கு, காதில் செருகிய பென்சில், முப்பது வயது. எனக்கு இவர்மேல் முதலில் நம்பிக்கையே வரவில்லை. இந்த மூக்கை வைத்துக்கொண்டு ஒரு கதாநாயகனை எப்படி நடத்திச் செல்வது? அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் தைரியம் வந்தது.

அவர் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார். மேஜையில் விபூதி குவிந்தது.

“இதுக்கு யாரு டீச்சர் பூஜை பண்ணது?”

“ஜுரம்னு புள்ளைங்க பூசிட்டாங்க.”

“நல்லவேளை. தீர்த்தம் குடுத்திருந்தா பொழைச்சிருக்காது.”

ஆதிலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். அவளுடைய சிரிப்பும் கட்டைதான். எதிரே வெற்றிலைக் கடையில் இருந்த அப்பாதுரை நிமிர்ந்து பார்த்தார்.

துடைத்ததும், சக்கரவர்த்தி வீணான ஒரு கேசட்டிலிருந்து ஐந்து நிமிஷ நாடாவை வெட்டி ஒரு காலிக் கூட்டில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, மறுபடி உள்ளே கையை விட்டார். “ஏதாவது பேசுங்க டீச்சர். பதியுதான்னு பாக்கணும்.”

“ஐயோ, என் குரல் வேணாங்க. நீங்களே பேசிக்குங்க.”

“ரெண்டு கையும் உள்ள மாட்டிக்கினு இருக்குதே. வாயில வேற ஸ்க்ரூ.”

என்ன பேசுவது? பாட்டு கிடையவே கிடையாது. மனப்பாடமாக இருந்தது ஒன்றுதான், அதைச் சொன்னாள்.

“அருணகிரி.” கொஞ்சம் நிறுத்தினாள். “இருசப்பன்.” மறுபடியும் நிறுத்தினாள். “தருமன்.”

பழக்கம் அப்படி. ஒரு குழந்தை எழுந்து, நழுவுகிற கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, ஒவ்வொரு பெயருக்கும் அவ்வளவு நேரம் காத்திருந்தாள். இருபத்திரண்டு பெயர்கள். சக்கரவர்த்தி வாயிலிருந்த திருகாணியை எடுக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அழிச்சிடுவீங்க இல்ல?”

“அழிச்சிடுவேன் டீச்சர்.”

(அழிக்கவில்லை. அழித்திருந்தால் நானும் நீங்களும் இந்நேரம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்போம்.)

5

*காலம் உருண்டோடியது.* இல்லை. அது உருளவில்லை. மறு வருஷக் கார்த்திகை வந்தது, அவ்வளவுதான். ஜூனில் பாதிக் குழந்தைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய், புதிதாகப் பாதி வந்தார்கள். புதியவர்களுக்கும் பெட்டிதான் டீச்சர், அவள் அக்கா.

தீபத்துக்குப் பத்து நாள் முன்பு, பால்வாடிக்கு அகல் வாங்க ஆதிலட்சுமி டவுனுக்கு வந்தாள். தீபத்துக்கு முன் ஊரில் உள்ள மைக் செட், டேப் ரிக்கார்டர் எல்லாம் ரிப்பேர் கடைக்குத்தான் வந்து சேரும். திருவூடல் தெருவில் அவள் திரும்பியபோது, உரத்த ஒலிபெருக்கியில் ஒரு கட்டைக் குரல் கேட்டது.

“அருணகிரி.”

“உள்ளேன் டீச்சர்!” என்றார் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அப்பாதுரை.

“இருசப்பன்.”

“அவன் லீவு டீச்சர்! மாமியா வூட்டுக்குப் போய்க்கிறான்!” என்றது சைக்கிள் கடை.

“தருமன்.”

“ஒண்ணுக்குப் போய்க்கிறான் டீச்சர்!” என்றது எங்கோ ஒரு மாடி. தெருவே சிரித்தது.

ஆதிலட்சுமி அகல் கூடையோடு நேராகக் கடைக்குள் போனாள்.

“அழிச்சிடுவேன்னு சொன்னீங்க.”

சக்கரவர்த்தி எழுந்தார். காதிலிருந்த பென்சில் விழுந்தது. “டீச்சர்…”

“என் குரலு தகரம்தான், எனக்கே தெரியும். அத ஸ்பீக்கர்ல வேற போட்டுத் தெருவே சிரிக்கணுமா?”

“சிரிக்கறதுக்குப் போடலீங்க. எந்த மெஷினு வந்தாலும் மொதல்ல இதத்தான் போடுவேன். ஸ்பீடு துளி ஜாஸ்தியோ கம்மியோ உடனே தெரிஞ்சிடும். உங்க குரலு எப்படி இருக்கணும்னு எனக்கு நல்லாத் தெரியும் டீச்சர்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை கேட்டிருந்தால் அவளுக்கு ஏதாவது தோன்றியிருக்கும். கோபத்தில் இருக்கிறவர்கள் ஒரு முறையே சரியாகக் கேட்பதில்லை. கையை நீட்டினாள். அவர் கேசட்டை எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்தபோது அப்பாதுரை பணிவாக எழுந்து நின்று, “நாளைக்கு ஸ்கூலு உண்டா டீச்சர்?” என்று கேட்டு, ஒரு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

6

மறுநாள் காலை, அந்த ஐந்து நிமிஷத்தையும் அழித்துவிடுவது என்றுதான் கேசட்டைப் பெட்டிக்குள் போட்டாள். எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஒரு தரம் ஓடவிட்டாள்.

“அருணகிரி” என்றது பெட்டி. யாரும் பேசவில்லை, அருணகிரி ஒன்றாம் வகுப்பில் இருந்தான். “இருசப்பன்.” அவனும் அங்கேதான்.

“தருமன்.”

தருமன் துள்ளி எழுந்து கால்சட்டையைப் பிடித்துக்கொண்டான். “உள்ளேன் டீச்சர்!”

அவன் சொல்லி முடிக்கும்வரை பெட்டி காத்திருந்தது. பிறகுதான் அடுத்த பெயரைக் கூப்பிட்டது.

“அக்கா!” என்று கத்தினான் தருமன். “டீச்சருக்குக் காது வந்துடுச்சி!”

பழைய குழந்தைகள் ஒவ்வொருவராக எழுந்து பதில் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் பெட்டி பொறுமையாகக் காத்திருந்தது. தருமன் மட்டும் பெட்டியையும் ஆதிலட்சுமியின் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். பக்கத்தில் வந்து அவள் கன்னத்தைத் தொட்டான்.

“இது உன் குரலு. நீ எப்ப உள்ள போன?”

ஆதிலட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ நீதான் டீச்சரா?”

“நான்தாண்டா.”

இந்த இடத்தில் முடித்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல முடிவுதான். ஆனால் மூலையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. பொன்னி, புதிதாக ஜூனில் சேர்ந்தவள். இருபத்திரண்டு பெயரும் தீர்ந்துபோயின, அவள் பெயர் வரவில்லை.

“நான் வந்துட்டேனே! என்னக் கூப்பிடவே இல்ல!”

“அடுத்த தடவ கூப்பிடறேன் கண்ணு.”

“அதுக்குள்ளயே கூப்பிடு!” என்று பெட்டியைக் காட்டினாள்.

அழிக்க வேண்டும் என்று வந்தது அதோடு மறந்துபோயிற்று.

7

என்னிடம் உள்ள முடிவுகள் இவை:

(அ) ஆவணியில் முகூர்த்தம். தாம்பூலம் அப்பாதுரை கடையிலிருந்து.

(ஆ) ஆதிலட்சுமி அந்த மூக்கை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, “போய்ட்டு வாங்க” என்கிறாள். பிறகு வருஷா வருஷம் தீபத்துக்கு ஓர் அகல் மட்டும் அந்தக் கடைக்குப்

(இ)

மூன்றாவதில் நீங்கள் எழுதிக்கொள்ள இடம் விட்டிருக்கிறேன். திருவூடல் தெரு என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. போய் விசாரித்தால் தெரிந்துவிடும். போகவில்லை, போகப் போவதுமில்லை. கேசட் எங்கே நிற்கிறதோ அங்கே நானும் நிற்கிறேன்.

பொன்னி அழுத அன்றே மதியம் சக்கரவர்த்தி சைக்கிளில் வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. காதில் பென்சில் இல்லை. மன்னிப்புக் கேட்க வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்; ஏனென்றால் உள்ளே எல்லாக் குழந்தைகளும் உதட்டில் விரல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆதிலட்சுமி பதிவு செய்கிற சிவப்புப் பட்டனை அமுக்கியிருந்தாள்.

“பொன்னி.”

“உள்ளேன் டீச்சர்!” பெட்டியில் ஒலியளவு காட்டுகிற முள் துடிக்கிற அளவுக்குக் கத்தினாள் பொன்னி.

அவளை அடுத்துப் பத்துப் புதிய பெயர்கள், பத்து உள்ளேன்கள். கடைசிக் குழந்தை உட்கார்ந்ததும் ஆதிலட்சுமி நிமிர்ந்தாள். வாசலில் நின்றவரைப் பார்த்தாள். பெட்டியை நிறுத்தத் தோன்றவில்லை. அவர் பார்வை பெட்டியின் சின்னக் கண்ணாடியில், மெலிந்துபோன நாடாச் சுருளின்மேல் இருந்தது. எவ்வளவு மிச்சம் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரியும்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கேசட்டில் அது தெளிவாகக் கேட்கிறது.

“இன்னும் ஒரு பேருக்கு இடம் இருக்குது டீச்சர். ஒண்ணேகால் வருஷமா உங்க குரலக் கேட்டுக்கினே இருக்கேன். தெருவே உள்ளேன் சொல்லுது, எனக்கு மட்டும் சொல்றதுக்குப் பேரு வரல. ஒரே ஒரு தரம்… என்னையும் கூப்பிடுங்களேன்.”