மூன்றாவது ஐகான்

கோவில்பட்டி அச்சகமொன்றில் தீப்பெட்டி லேபிள் வரையும் ரூபிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்றே மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பழையதில் ஃபோல்டரைத் திறந்தால் இருநூறு லேபிளும் குட்டிக் குட்டிப் படமாகத் தெரியும். இதிலோ எல்லாம் ஒரே ஐகான், அடியில் வெறும் நம்பர். எது மயில், எது மாம்பழம் என்று திறந்து பார்த்தால்தான் உண்டு.

அந்த நேரம் பார்த்துக் கழுகுமலையிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ராஜபாண்டி வந்தார். போன தடவை மூன்று நாள் உட்கார்ந்து அத்தனை படத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிக்காமல் எழுந்து போனவர்.

"என்னம்மா, எல்லாம் ஒண்ணு போல இருக்கு?"

"படம் தெரிய மாட்டேங்கு அண்ணாச்சி. ஒண்ணொண்ணாத்தான் தொறக்கணும்."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு ஒனக்கே தெரியாதா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்தா, அதத் தொற."

ஒட்டகம்.

"அடுத்தது?"

பூசணிக்காய். மூன்றாவதில், திரும்பிப் பார்க்கும் வெள்ளாடு ஒன்று திரை முழுக்க நின்றது. அவர் சிரித்துவிட்டார். "இதான்! அச்சடிச்சிரு."

அவர் படியிறங்கியதும் ரூபி செட்டிங்கைக் குடைந்தாள். 'எப்போதும் ஐகான் மட்டும்' என்ற இடத்தில் ஒரு டிக் இருந்தது. அதை எடுத்ததும் இருநூறு படமும் வந்து நின்றன. வெள்ளாடு முதல் வரிசையிலேயே இருந்தது. போன தடவை மூன்று நாளும் அவர் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது.

வாசலில் மறுபடியும் ராஜபாண்டியின் குரல். "ஏம்மா, இன்னொரு லேபிளும் பாத்துருவமா?"

ரூபி அவசரமாக டிக்கைத் திரும்பப் போட்டாள்.

"வாங்க அண்ணாச்சி, இன்னும் படம் தெரியல."