மாலை போட்ட படம்

நூலக வாசலில் ஆட்டோ நின்றதும், உள்ளே உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்க்க நான் மட்டும் முன்னால் போனேன். நுழைந்ததுமே கண்ணில் பட்டது. எதிர்ச் சுவரில் என் வீட்டுக்காரர் படம். அதற்குச் சந்தன மாலை. கீழே காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர்தான் நாவலாசிரியர் தணிகைமணி. உயிரோடு இருக்கிறார். போன மாதம் மாரடைப்பு வந்து பிழைத்தவர், "என் கதை முடிஞ்சிடுச்சு ஞானம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தன் புத்தகங்களுக்குக் கண்காட்சி என்று பேப்பரில் பார்த்த பிறகுதான் எழுந்து சட்டை போட்டார். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்தார்களே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இதைப் பார்த்தால் அவ்வளவுதான். மறுபடி எழுந்திருக்க மாட்டார்.

நூலகர் பரணிதரன் வந்தார். ஊருக்குப் புதியவர்.

"யாரைக் கேட்டு மாலை போட்டீங்க?"

"நீங்க யாரும்மா?"

"அவரு பொண்டாட்டி. அவரு வாசல்ல செருப்பு கழட்டிகினு இருக்காரு."

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கண்காட்சி வெக்கறதெல்லாம் போனவங்களுக்குத்தான்னு நெனச்சிட்டேங்க."

"நல்லா நெனச்சீங்க. அந்த நாற்காலியைப் பிடிங்க."

ஏறி இழுத்தேன். மாலை ஆணியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "மெதுவா நைனா, படி இருக்குது" என்று என் மகள் சுதாவின் குரல் நெருங்கியது. அறுத்துப் பைக்குள் திணித்தேன். விளக்கை வாயால் ஊதக் கூடாது, பூவால்தான் அணைக்க வேண்டும். பூவுக்கு எங்கே போவது? முருகா, மன்னித்துக்கொள் என்று ஊதினேன்.

அவர் வந்துவிட்டார். நான் படத்தை மறைத்து நின்றேன்.

"தள்ளு ஞானம்."

"மொதல்ல புத்தகத்தைப் பாருங்க."

என் தோளைப் பிடித்து நகர்த்தினார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கண்ணாடியின் மேல், அவர் நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும். ஈரம்கூடக் காயவில்லை. பாழாய்ப்போன என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

படத்துக்குக் கிட்டே போனார். அவருக்கு மூச்சு வாங்கியது. சுதா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பரணிதரன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

அவர் கட்டைவிரலால் அந்தப் பொட்டை வழித்தெடுத்து என் பக்கம் திரும்பினார். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். நெற்றியில் ஈரமாக விரல் பட்டது.

"இது உன்னுது ஞானம்" என்றார். "நான் எங்கயும் போவல."

நூலகம் என்றும் பாராமல் ஓவென்று அழுதுவிட்டேன்.