இரண்டாவது பொட்டலம்

பால்பூ வாசனை மூக்கைத் துளைக்க ஆரம்பித்தால் ஹனோயில் இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். நியெம் காலையிலேயே தெருமுனைக்குப் போய்ப் பச்சை அவல் இரண்டு பொட்டலம் கேட்டாள்.

"ஒண்டிக்கட்டைக்கு எதுக்குடி ரெண்டு?" என்று தாமரை இலையை மடித்து வைக்கோலால் கட்டியபடியே சீண்டினாள் அவல்காரி லுயென்.

"ஒண்ணு அப்பா அம்மாவுக்குப் படைக்க. இன்னொண்ணு அண்ணனுக்குக்கா."

"கப்பல்ல போனவன், ஒரு தகவலும் இல்லாம பதினோரு வருஷமாச்சு. அவன் படத்தையும் அப்பா அம்மா படம் இருக்கற மாடத்துல வச்சிடேன்."

"அங்க செத்தவங்களுக்குத்தான் இடம். வாயக் கழுவுக்கா."

வருஷாவருஷம் அண்ணன் லாமின் பொட்டலத்தைச் சாப்பாட்டு மேசையில்தான் வைப்பாள். யாரும் தொடாமல் அது காய்ந்துபோகும். மறுநாள் குருவிகளுக்குப் போடுவாள்.

அன்று ஜன்னல் வழியே வந்த குளிர்காற்றும் பூவாசனையும் அவளை எங்கோ கொண்டுபோய்விட்டன. இரண்டு பொட்டலத்தையும் மாடத்தில் வைத்து ஊதுபத்தி ஏற்றிவிட்டாள். பத்தி பாதி எரிந்த பிறகுதான் உறைத்தது. பதறிப்போய் அண்ணனுடையதை எடுக்கக் கை நீட்டினாள்.

கட்டு அவிழ்ந்திருந்தது. இலை விரிந்து, அவலில் ஒரு பிடி குறைந்திருந்தது. பக்கத்தில் அந்த வைக்கோல், வளையமாகச் சுற்றிக் கிடந்தது.

சின்ன வயதில் லாம் அப்படித்தான் மோதிரம் செய்து அவள் விரலில் மாட்டிவிடுவான்.

நியெம் போட்டுப் பார்த்தாள். ஏறவில்லை. குழந்தை விரலுக்கான அளவு.

அவள் அலமாரியைத் திறந்து அண்ணன் படத்தை வெளியே எடுத்தாள்.