சீட்டு ஒட்ட முடியாத சொற்கள்

எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் கையோடு ஒரு மஞ்சள் சீட்டு வரும். கதவில் ஒன்று, மிக்சியில் ஒன்று, தண்ணீர்க் குடத்தில் ஒன்று. எல்லாம் என் வீட்டுக்காரர் ஒட்டியது. அந்தந்தப் பொருளுக்குச் சீனர்களின் மாண்டரின் மொழியில் என்ன பெயரோ அதைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுவார். ஒட்ட இடமில்லாமல் போன ஒரு நாள் என் நெற்றியிலும் ஒன்றை ஒட்டினார். மனைவிக்கு 'ச்சீஸ' என்று சொல்வார்களாம்.

"எடுத்த எடுப்புலேயே ச்சீன்னா சொல்லுவாங்க?" என்றேன்.

"பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

நாங்கள் இருவரும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறோம். அவர் மெஷின் ஓட்டுகிறார். நான் அதே கூடத்தின் கோடியில் நின்று பெட்டிக்குச் சூடான கோந்து தடவுகிறேன். சீனாவிலிருந்து புது மெஷின் வந்தது. கூடவே ஓர் எஞ்சினியரும் வந்தார். அவர் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. வேலையாட்களில் யார் மாண்டரின் கற்றுக்கொண்டு அவர் வைக்கும் தேர்வில் தேறுகிறார்களோ அவர்களே இனி மொழிபெயர்ப்பாளர் என்று மேலாளர் அறிவித்தார். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அப்போதே மனசு அடித்துக்கொண்டது. என் விரல் நுனிகளைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். வெந்து, உரிந்து, மறுபடி வெந்த விரல்கள்.

"நானும் பேர் குடுக்கட்டுமாங்க?"

"வீட்டுக்கு ஒருத்தர் போதும். நீ கேள்வி கேளு, நான் ஒப்பிக்கிறேன்."

கேட்டேன். வேறென்ன செய்வது?

செல்போனில் ஓர் ஆசிரியை பாடம் நடத்துவார். முதல் பாடத்திலிருந்தே தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்வார்: "பொருளோட பேரை மட்டும் சேர்க்காதீங்க. கதவுன்னு படிச்சா திறக்கிறது, சாத்துறது ரெண்டையும் கூடவே படிங்க. பேரும் வினையும் சமமா வளரணும்." என் வீட்டுக்காரர் காதில் வாங்கவே இல்லை.

"திறக்கிறதுல எங்க சீட்டு ஒட்டுறது? அதெல்லாம் பேச்சோட பேச்சா தன்னால வந்துரும்."

பாதிப் பாடத்தில் குறட்டை விடுவார். செல்போன் பேசிக்கொண்டே இருக்கும், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருப்பேன். கழுவும்போது கழுவு, தூக்கும்போது தூக்கு, அடுப்பை அணைக்கும்போது அணை என்று ஒவ்வொரு மாண்டரின் சொல்லும் கைவேலையோடு மனசில் ஏறியது. எனக்குச் சீட்டே தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் பொருளெல்லாம் அவருடையது, வினையெல்லாம் என்னுடையது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

தேர்வு நாளில் எஞ்சினியர் மெஷினின் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் காட்டினார். ரோலர், பெல்ட், கத்தி, கோந்துத் தொட்டி என்று என் வீட்டுக்காரர் மாண்டரினில் மடமடவென்று ஒப்பித்தார். மேலாளருக்கு வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்து ரோலருக்குள் ஓர் அட்டை சிக்கியது. பின்னால் வந்த அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கசங்கின. எஞ்சினியர் படபடவென்று ஏதோ சொன்னார். எல்லோரும் என் வீட்டுக்காரர் வாயைப் பார்த்தார்கள்.

"ரோலர்…" என்றார். "அட்டை…" என்றார். பிறகு பேந்தப் பேந்த விழித்தார்.

பொறுக்க முடியாமல் நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். "மெஷினை நிறுத்திட்டு, ரோலரைத் தூக்கி, அட்டையைப் பின்பக்கமா இழுக்கச் சொல்றாரு!"

இழுத்தார்கள். "ஓட்டலாமா?" என்று எஞ்சினியரிடம் அவர் மொழியிலேயே கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் மேசைக்கே வந்து நின்று, இது யார் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். நல்லவேளை, அதற்கு அவரிடம் சொல் இருந்தது.

"ச்சீஸ" என்றார். மேலாளருக்காகத் தமிழிலும் சொன்னார்.

"அட, உன் சம்சாரமா?" என்று அவரிடம் கேட்ட மேலாளர் என் பக்கம் திரும்பினார். "அப்ப பிரச்சினையே இல்ல. வேலை இவருக்கே இருக்கட்டும். தடுமாறினா நீ அங்கேருந்தே எடுத்துக் குடும்மா. ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?"

என் வீட்டுக்காரர் வேகமாகத் தலையாட்டினார். 'இல்ல சார், இவளுக்குத்தான் தெரியும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாண்டரினில் வேண்டாம், தமிழில் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையில் குத்தப்போகும் மொழிபெயர்ப்பாளர் வில்லையைக் கண்ணாடி முன் வைத்து அழகு பார்த்தார். நான் விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வில்லையோடு மெஷின் பக்கத்தில் நின்றார். மதியத்துக்குள் மறுபடி அட்டை சிக்கியது. இந்தத் தடவை வேறெங்கோ. எஞ்சினியர் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் புரிந்தது. என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். மேலாளர் பார்த்தார். அட்டைகள் கசங்கிக்கொண்டே இருந்தன. எஞ்சினியரும் 'நீ சொல்' என்பதுபோல என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

நிறுத்து, கழற்று, துடை. மூன்றும் நாக்கு நுனியில்தான் இருந்தன. கோந்து தடவும் கட்டையைக் கீழே வைக்காமலே என் வீட்டுக்காரரைக் காட்டினேன்.

"ஜாங்ஃபு" என்றேன். கணவர்.

அடுத்த பெட்டியை எடுத்துக் கோந்து தடவ ஆரம்பித்தேன்.